உங்கள் கோர்கி சரியான எடையில் இருக்கிறதா? கை வைத்துப் பார்க்கும் முறை

எங்கள் கோர்கி நாய் மிளகுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. வருடாந்திரத் தடுப்பூசிக்காகக் கூட்டிப்போயிருந்தோம். டாக்டர் அவளை மேசையில் நிற்க வைத்து, இரண்டு கட்டை விரல்களையும் முதுகெலும்பின் மேல் வைத்து, மற்ற விரல்களை இரு பக்கமும் விரித்து, முடிக்குள் நுழைத்து மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார். இரண்டு தடவை. பிறகு என்னிடம், “இங்க கை வைங்க, எலும்பு தட்டுப்படுதா?” என்றார். எனக்குத் தட்டுப்படவில்லை. அழுத்திப் பார்த்தேன். மெத்தையை அழுத்துவது மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம்தான் தராசில் ஏற்றினார். 13.6 கிலோ. “இவளுக்கு 11, மிஞ்சினா பதினொன்றரை போதும்” என்றார்.

அதுவரை எங்கள் கண்ணுக்கு அவள் நல்ல புஷ்டியான பெண்ணாகத்தான் தெரிந்தாள். கீழே வாக்கிங் கூட்டிப்போனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் கொழுகொழுவென்று இருக்கிறாளே என்று கொஞ்சுவார்கள். கோர்கி என்றாலே குட்டைக் கால், நீள உடம்பு, பந்து மாதிரி பின்பக்கம் என்று மனதில் பதிந்துபோயிருந்ததால், எதுவரை உடம்பின் இயல்பு, எங்கிருந்து கொழுப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த மேசையருகே டாக்டர் கற்றுக்கொடுத்ததையும், அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் எடையைக் குறைத்தபோது பழகிக்கொண்டதையும் புதிதாகக் கோர்கி வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தக் கோர்கி?

கோர்கியில் இரண்டு தனி இனங்கள் உண்டு. பெம்ப்ரோக் வெல்ஷ் கோர்கி, கார்டிகன் வெல்ஷ் கோர்கி. இரண்டுமே வேல்ஸில் மாடு ஓட்டிய நாய்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1934-இல்தான் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. இரண்டாம் எலிசபெத் அரசி வளர்த்தவை பெம்ப்ரோக். நம் ஊரில் பெரும்பாலும் கண்ணில் படுவதும் அதுதான்.

வாலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெம்ப்ரோக்கிற்கு வால் இருக்காது என்று சொல்வார்கள். பிறவியிலேயே குட்டை வாலோடு பிறப்பதும் உண்டு, குட்டியிலேயே வெட்டிவிடுவதும் உண்டு. வெட்டாமல் விட்டால் நல்ல நீள வாலோடு வளரும் பெம்ப்ரோக்குகளும் இருக்கின்றன. கார்டிகனுக்குக் காது பெரியது, நுனி உருண்டு இருக்கும். முன்பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். எலும்பும் கனம். சாம்பல் நீலத்தில் கருந்திட்டு விழுந்த ‘புளூ மெர்ல்’ நிறமோ, புலிவரி நிறமோ இருந்தால் அது கார்டிகன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால் எடை எண்கள் இரண்டுக்கும் வேறு வேறு. பெம்ப்ரோக்கிற்கு இங்கிலாந்து கென்னல் கிளப்பின் அளவுகோல் ஆண் 10 முதல் 12 கிலோ, பெண் 9 முதல் 11 கிலோ. அமெரிக்க கென்னல் கிளப் கொஞ்சம் தாராளம். நல்ல கட்டான ஆண் ஏறக்குறைய 27 பவுண்டு, அதாவது 12.2 கிலோ. பெண் 25 பவுண்டு, 11.3 கிலோ. ஆண் 13.6 கிலோவையும் பெண் 12.7 கிலோவையும் தாண்டினால் நாய்க் கண்காட்சியில் குறையாக எடுத்துக்கொள்வார்கள். கார்டிகனுக்கு அமெரிக்க அளவு ஆண் 13.6 முதல் 17.2 கிலோ வரை, பெண் 11.3 முதல் 15.4 கிலோ வரை. ஒரு கார்டிகன் ஆணுக்கு அழகான எடையாக இருக்கும் 15 கிலோ, பெம்ப்ரோக் பெண்ணுக்கு மிகப் பெரிய சுமை.

இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளில் ஒன்று சின்ன எலும்போடு 9.5 கிலோவில் கச்சிதமாக இருக்கும். இன்னொன்று 12 கிலோவிலும் ஒல்லியாகவே இருக்கும். நம் ஊரில் விற்கும் கோர்கிகள் எல்லாம் கண்காட்சி அளவுக்குள் வளர்வதும் இல்லை. எண் ஒரு ஊகத்தைத்தான் தரும். தீர்ப்பு சொல்ல வேண்டியது கை.

ஒரு கிலோ என்பது எவ்வளவு?

“ஒரு கிலோதானே கூட இருக்கு” என்று தோன்றும். 11 கிலோ நாய்க்கு ஒரு கிலோ என்றால் நூற்றுக்கு ஒன்பது பங்கு. 65 கிலோ மனிதருக்கு 6 கிலோ ஏறிய மாதிரி. மிளகின் கூடுதல் சுமை இரண்டு கிலோவுக்கு மேல்.

கோர்கிக்கு இது மற்ற நாய்களைவிட முக்கியம். அதன் கால் குட்டையாக இருப்பதற்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் இன்னொரு நகல், முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் தட்டுகளைச் சின்ன வயதிலேயே காய்ந்து இறுகச் செய்கிறது. டாஷ்ஹண்டுக்கும் இதே பிரச்சினைதான். இறுகிய தட்டு ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் வலி வரும், பின்னங்கால் தடுமாறும், சில சமயம் முற்றிலும் செயலிழந்துபோகும். எடை அதிகம் இருந்தால்தான் இது வரும் என்று இல்லை. ஒல்லியான நாய்க்கும் வரலாம். ஆனால் அந்த மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. முதுகு சுமக்கும் பாரம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. முடிவு 2002-இல் வெளிவந்தது. ஒல்லியாக வளர்ந்தவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் ஒல்லியானவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. லாப்ரடார் வேறு, கோர்கி வேறு என்பது சரி. இருந்தாலும் ஏறக்குறைய இரண்டு வருடம் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

கை வைத்துப் பார்ப்பது

இதுதான் முக்கியம், இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். படித்துக்கொண்டே செய்து பார்த்தால் இன்னும் நல்லது.

முதலில் உங்கள் கையில் பழகுங்கள். இடது கையை முஷ்டியாக மடக்கி, விரல் மூட்டுகளின் மேல் வலது விரல்நுனியால் தடவுங்கள். எலும்பு மேடும் பள்ளமுமாகத் துருத்திக்கொண்டிருக்கும். நாயின் விலா இப்படி இருந்தால் அது மெலிந்திருக்கிறது. இப்போது முஷ்டியைத் திறந்து, கையைக் குப்புற நீட்டி, புறங்கையில் மூட்டுகளுக்கு மேலே அதே மாதிரி தடவுங்கள். எலும்பு தெரிகிறது, ஆனால் மேலே மெல்லிய போர்வை மாதிரி ஏதோ இருக்கிறது. இதுதான் சரியான விலா. கடைசியாகக் கையைத் திருப்பி, உள்ளங்கைப் பக்கம் விரல்கள் தொடங்கும் மேட்டில் தடவுங்கள். அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்படும். விலா இப்படி இருந்தால் எடை கூடிவிட்டது. முஷ்டி, புறங்கை, உள்ளங்கை. எங்கள் வீட்டில் மிளகைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்று வார்த்தைதான். “இந்த வாரம் என்ன?” என்று கேட்டால் “புறங்கை” என்று பதில் வரும்.

இப்போது நாயிடம் வாருங்கள். அது நான்கு காலும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். உட்கார்ந்தோ படுத்தோ இருந்தால் தோலும் சதையும் ஒரு பக்கம் குவிந்து ஏமாற்றிவிடும். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். நாயின் பின்னால் மண்டியிட்டு, கட்டை விரல்களை முதுகெலும்பின் மேல் லேசாக வையுங்கள். மற்ற விரல்கள் இரு பக்கமும் இறங்கட்டும். நாயின் முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னாலிருந்து ஆரம்பியுங்கள்.

கோர்கியின் முடிதான் பெரிய ஏமாற்று. அதற்கு இரண்டு அடுக்கு. மேலே கொஞ்சம் முரடான முடி, அடியில் பஞ்சு போல அடர்ந்த முடி. மேலாகத் தடவினால் நீங்கள் தொட்டுப் பார்ப்பது அந்தப் பஞ்சைத்தான். பலர் அதையே கொழுப்பு என்று பயப்படுகிறார்கள். சிலர் நேர்மாறாக, கொழுப்பை “அது முடிதான்” என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் இரண்டாவது ரகம். விரலை முடி வளரும் திசைக்கு எதிராக நுழைத்து, தோல் சூடு விரல்நுனியில் படும் வரை போங்கள். அப்புறம் அழுத்தாமல், தோலோடு சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விலாக்கள் ஒவ்வொன்றாக விரலுக்கு அடியில் ஓட வேண்டும். எண்ணக்கூட முடிய வேண்டும். அழுத்தித்தான் எண்ண முடிகிறது என்றால் உள்ளங்கை.

ஃப்ளஃபி என்று சொல்லும் நீள முடிக் கோர்கியாக இருந்தால் கண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

கண்ணால் பார்க்க ஒரு நல்ல நாள் உண்டு, குளிப்பாட்டும் நாள். தண்ணீர் ஊற்றி முடி முழுக்க உடம்போடு ஒட்டியதும் நேர் மேலே நின்று பாருங்கள். விலா முடிந்த இடத்தில் உடம்பு உள்வாங்கி, இடுப்பெலும்பு வரும் இடத்தில் மறுபடி அகல வேண்டும். கோர்கிக்கு இந்த இடுப்பு கிரேஹவுண்ட் மாதிரி செதுக்கி வைத்தது போல இருக்காது. மெதுவான வளைவுதான். ஆனால் இருக்க வேண்டும். தோளிலிருந்து பிட்டம் வரை ஒரே நேர்கோடாக, தலையணை மாதிரி இருந்தால் எடை கூடியிருக்கிறது. நடுவில் வெளிப்பக்கம் பிதுங்கினால் ரொம்பவே கூடியிருக்கிறது. மிளகை அன்று குளிப்பாட்டியபோது எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஈரமாக நிற்கிறாள், இடுப்பே இல்லை.

பக்கவாட்டில் பார்க்க நீங்கள் தரையில் படுத்தால்தான் முடியும், கால் அவ்வளவு குட்டை. போனைத் தரையில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நெஞ்சுக்கூட்டின் அடிக்கோடு பின்னால் போகப் போக மேலே ஏற வேண்டும். நெஞ்சும் வயிறும் ஒரே மட்டத்தில் இருந்தாலோ, வயிறு தொங்கினாலோ கவனியுங்கள். கோர்கி ஆழமான நெஞ்சுள்ள நாய், அதனால் அடிப்பக்கம் தரைக்குக் கிட்டே இருப்பது இயல்பு. நெஞ்சு கிட்டே இருக்கலாம், வயிறு இருக்கக் கூடாது.

கடைசியாக இரண்டு இடம். வால் தொடங்கும் இடத்தில் முதுகின் மேல் இரண்டு விரல் வைத்து அழுத்துங்கள், எலும்பு சுலபமாகத் தெரிய வேண்டும். கொழுகொழுவென்று ஒரு திட்டு இருந்தால் கொழுப்பு அங்கே சேர ஆரம்பித்துவிட்டது. அதே மாதிரி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். பெல்ட்டை முன்பு போட்ட துளையில் இப்போது போட முடியவில்லை என்றால் அதுவும் ஒரு சேதி.

மதிப்பெண்

மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகச் சொல்வார்கள். 4, 5 சரியான உடம்பு. 3-லிருந்து கீழே போகப் போக மெலிவு. 6, 7 எடை கூடியது, 8, 9 பருமன். 5-க்கு மேல் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய 10 சதவீதக் கூடுதல் எடை என்று எடுத்துக்கொள்ளலாம். மிளகுக்கு டாக்டர் போட்டது 7. அதாவது 20 சதவீதம் கூடுதல். 13.6-ஐ 1.2-ஆல் வகுத்தால் 11.3 கிலோ. அவர் வாயால் சொன்ன கணக்கு இப்படித்தான் வந்தது. உங்கள் நாய்க்குச் சரியான எடையை இதே மாதிரி போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை மட்டும் டாக்டரோடு சேர்ந்து மதிப்பெண் போடுங்கள். நாம் வளர்க்கும் பிள்ளைக்கு நாமே மார்க் போட்டால் தாராளமாகத்தான் போடுவோம்.

தராசு

கை சொன்னதை உறுதிப்படுத்தவும், வாரா வாரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவும் தராசு வேண்டும். வீட்டு வெயிங் மெஷினே போதும். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துவிடுங்கள். மூன்று தடவை பார்த்து நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். இதில் நூறு, இருநூறு கிராம் முன்பின் காட்டும். அதனால் மாதம் ஒருமுறை மருத்துவமனையில் தரையோடு வைத்திருக்கும் பெரிய தராசில் ஏற்றுவது நல்லது. கேட்டால் சும்மா ஏற்றிப் பார்க்க விடுவார்கள். எப்போதும் ஒரே மெஷின், ஒரே நேரம். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே போய்விட்டு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்.

தூக்கும் முறையில் கவனம் தேவை. முன்னங்கால் அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைப் போலத் தூக்கக் கூடாது. அந்த நீள முதுகு முழுக்கத் தொங்கும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்னந்தொடைக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். இறக்கும்போதும் நான்கு காலும் தரையைத் தொட்ட பிறகே விடுங்கள்.

குட்டிக்கும் கிழத்துக்கும்

குட்டிகளை மேலே சொன்ன கிலோ கணக்கில் அளக்க வேண்டாம். வளர்ச்சி விட்டுவிட்டு வரும், ஒரு மாதம் நீளும், ஒரு மாதம் அகலும். விலாவும் இடுப்பும் பாருங்கள், அது எல்லா வயதுக்கும் பொருந்தும். விலா முஷ்டியாகவும் வயிறு மட்டும் உருண்டையாகவும் இருந்தால் பெரும்பாலும் குடற்புழு. பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தால்தான் அழகு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எலும்பு முற்றாத வயதில் அந்தப் பாரம் மூட்டுக்கு ஆகாது.

வயதான கோர்கியில் தராசு பொய் சொல்லும். சதை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறும், எடை மாறாமல் இருக்கும். பின்னந்தொடையைப் பிடித்துப் பாருங்கள், முன்பு கெட்டியாக இருந்தது தளர்ந்திருக்கிறதா என்று. முதுகெலும்பின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

கருத்தடை செய்த நாய்க்கு உணவுத் தேவை நன்றாகக் குறைந்துவிடும், பசி மட்டும் கூடும். தையல் பிரித்த வாரத்திலிருந்தே அளவை மாற்ற வேண்டும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மிளகு எடை ஏற ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

கூடிவிட்டது என்று தெரிந்தால்

முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தைராய்டு போன்ற காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் கணக்கு.

நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய அடிப்படைக் கலோரியைப் போனிலேயே போடலாம். நாயின் சரியான எடையை மூன்று தடவை பெருக்குங்கள். 11.3 × 11.3 × 11.3. வரும் விடைக்கு வர்க்கமூலம், அந்த விடைக்கு மறுபடி வர்க்கமூலம். 6.16 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 430 கலோரி. எடை குறைக்க வேண்டிய நாய்க்குப் பொதுவாக இந்த அளவில் தொடங்குவார்கள். சரியான எடையில், கருத்தடை செய்து வீட்டோடு இருக்கும் கோர்கிக்கு இதில் 1.4 மடங்கு, அதாவது 600 ஒட்டி. நன்றாக ஓடியாடும் நாய்க்கு 1.6 மடங்கு.

கணக்கில் போட வேண்டியது இருக்கும் எடையை அல்ல, இருக்க வேண்டிய எடையை. உலர் உணவு மூட்டையில் போட்டிருக்கும் அட்டவணைக்கும் இதே விதி. மூட்டையின் பின்பக்கம் நூறு கிராமுக்கோ கிலோவுக்கோ எத்தனை கலோரி என்று இருக்கும். நூறு கிராமுக்கு 360 என்று வைத்துக்கொள்வோம். 430-இல் பத்தில் ஒரு பங்கை ட்ரீட்டுக்கு ஒதுக்கினால் மீதி 387, அதாவது ஒரு நாளைக்கு 108 கிராம். டம்ளரால் அளக்காதீர்கள். அதே டம்ளரில் நான் எடுத்தது 60 கிராம், என் கணவர் எடுத்தது 85. சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொம்ப நாள் அளவைக் குறைக்க வேண்டியிருந்தால் சாதாரண உணவையே குறைத்துக்கொண்டே போகக் கூடாது. புரதமும் சத்தும் சேர்ந்து குறைந்துவிடும். எடை குறைப்புக்கென்று இருக்கும் உணவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைந்தால் சரியான வேகம். 13.6 கிலோ நாய்க்கு அது 136 முதல் 272 கிராம். பட்டினி போட்டுச் சீக்கிரம் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கணக்கு சுலபம். வீடுதான் கஷ்டம். சென்னையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலையில் டீ பிஸ்கட், மதியம் தயிர் சாதத்தில் ஒரு உருண்டை, ராத்திரி சப்பாத்தியில் ஓர் ஓரம். எல்லாரும் கொஞ்சமாகத்தான் கொடுத்தோம். நடுத்தரமான ஒரு சப்பாத்தியில் 80 முதல் 100 கலோரி இருக்கும். நாளுக்கு 600 கலோரி போதும் என்கிற உடம்புக்கு அது ஆறில் ஒரு பங்கு, நாம் ஒரு வேளையில் மூன்று சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்ட மாதிரி. அம்மாவிடம் நிறுத்தச் சொன்னபோது, “வாயில்லா ஜீவன், இப்படிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும்போது எப்படிடி எனக்குத் தொண்டையில இறங்கும்?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொடுப்பதை நிறுத்தச் சொல்வதைவிட, எதைக் கொடுப்பது என்று மாற்றுவது நடந்தது.

ஒரு டப்பா வைத்தோம். காலையில் அன்றைக்கான 108 கிராமையும் அதில் நிறுத்துப் போட்டுவிடுவோம். காலை, மாலை தட்டில் போடுவதும் அதிலிருந்துதான், யார் எதற்காகக் கொடுத்தாலும் அதிலிருந்துதான். ராத்திரி டப்பா காலியானால் முடிந்தது. அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம், பொடியாக நறுக்கிய வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ். உப்பும் தாளிப்பும் கிடையாது. மிளகுக்கு வேண்டியது வாயில் ஏதோ நொறுங்க வேண்டும், அம்மா கையால் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் சப்பாத்தியை மறந்தாள்.

திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம், பூண்டு, சாக்லெட், சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் எதுவும் எக்காரணம் கொண்டும் கூடாது. இவை நாய்க்கு விஷம். சாம்பாரிலும் குருமாவிலும் வெங்காயம் இருக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

நடை வேண்டும், ஆனால் எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். நடையை ஒரேயடியாக நீட்டாதீர்கள், கனமான உடம்போடு வெயிலில் நடந்தால் கோர்கிக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். வயிறு தார் ரோட்டுக்கு ஒரு சாண்கூட இல்லை, ரோட்டுச் சூடு முழுக்க அதில் அடிக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். கோடையில் நாங்கள் காலை ஆறு மணிக்குள் திரும்பிவிடுவோம். சோபாவிலிருந்து குதிப்பதையும் மாடிப்படியையும் எடை குறையும் வரையாவது தடுத்துவிடுங்கள். வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்காமல் ஒரு ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

முதல் மூன்று வாரம் தராசு அசையவே இல்லை. நாலாவது வாரம் 13.3. பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. விலா உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை தராசு காட்டியது 11.4.

எப்போது காத்திருக்கக் கூடாது

உணவு அளவு மாறாமலே எடை மளமளவென்று இறங்கினால், அது மகிழ்ச்சியான செய்தி இல்லை, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறைவாகச் சாப்பிட்டும் எடை ஏறி, முடி கொட்டி, எப்போதும் சோர்ந்து படுத்திருந்தால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். வயிறு மட்டும் பானை போல உப்பி, தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் போவதும் கூடியிருந்தால் அது கொழுப்பு அல்லாமல் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம்.

முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது, தூக்கும்போது கத்துவது, குதிக்க மறுப்பது, பின்பாதத்தின் மேற்பக்கம் தரையில் உரசும்படி நடப்பது, பின்னங்கால் பின்னிக்கொள்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போங்கள். வயதான பெம்ப்ரோக்கில் வலியே இல்லாமல் பின்னங்கால் மெல்ல மெல்ல இழுபடும் தண்டுவட நோய் ஒன்றும் உண்டு, அதையும் “வயசாயிடுச்சு, வெயிட்டு வேற” என்று தள்ளிப்போடாதீர்கள். பின்னங்கால் திடீரென்று நிற்கவே இல்லை என்றால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அகலமான பலகையிலோ, மடக்கிய கெட்டி அட்டைப்பெட்டியிலோ படுக்க வைத்து, ஒரு துண்டால் தோளையும் இடுப்பையும் பலகையோடு அசையாமல் சுற்றி, இரண்டு பேராகப் பிடித்து, வண்டியில் தரைமட்டமாக வைத்துக் கொண்டுபோங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து முதுகுப் பிரச்சினை என்று சொல்லிவிடுங்கள்.